குதிரைக்கு ஏற்ற புல்வலை

குதிரை என்றவுடன் தமிழர்க்குக் கொள்ளின் நினைவு வருவது இயல்பு. கொள்ளைத் தின்று கொழுக்கும் பிராணி என்றே நம்மில் பலர் குதிரையைக் கருதியிருக்கிறோம். உண்மையில் குதிரையின் நலம் கொள்ளைவிடப் புல்லையே மிகுதியாக நம்பி நிற்கிறது. கொள்ளும், பார்லியும், ஓட்ஸும் உழைப்புக்கு வேண்டிய வலுவைத் தருவன. புல்லோ, அதன் குடல் ஒழுங்காக இயங்குவதற்கே இன்றியமையாதது. அந்தப் புல்லை எவ்வளவு கொடுப்பது என்பதைப் போலவே, எவ்வளவு நேரம் நீடிக்கும்படி கொடுப்பது என்பதும் முக்கியமான கேள்வியாகும். அதற்கென ஏற்பட்ட எளிய கருவி ஒன்று உண்டு. கயிற்றால் பின்னிய புல்வலையே அது. அதனை எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படிக் கட்டுவது, எப்போது கட்டாமல் இருப்பது என்பவற்றை இங்கே விளக்கலாம்.

நேயர்களில் சொந்தக் குதிரை வைத்திருப்போர் சிலராகவே இருப்பர். ஆயினும், வடமாநிலங்களில் வாழும் நம்மவர்க்குக் குதிரையுடன் உள்ள தொடர்பு, ஊரில் இருந்தபோது இருந்ததைவிட அதிகம் என்றே சொல்ல வேண்டும். திருமண ஊர்வலத்தில் மணமகன் ஏறி வரும் வெண்குதிரையைத் தெருவில் காண்கிறோம். கேதாரநாதத்துக்கும் வைஷ்ணவ தேவிக்கும் யாத்திரை போகிறவர்களில் முதியோர் பலர் மட்டக்குதிரையின் முதுகிலேயே மலை ஏறுகிறார்கள். புனேயிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் பிள்ளைகளைச் சவாரிப் பயிற்சிக்கு அனுப்பும் பெற்றோர் உண்டு. இராணுவத்திலும் கால்நடைத் துறையிலும் பணிபுரியும் தமிழர்களும் உண்டு. இவர்கள் யாவரும் என்றேனும் ஒருநாள் லாயத்தின் வாயிலில் நின்று, 'இந்தக் குதிரை இரவெல்லாம் என்ன செய்கிறது?' என்று கேட்க நேரலாம்.

நம் நாட்டில் குதிரைகளின் தொகை விரைவாகக் குறைந்து வருகிறது. 2012-ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி குதிரைகளும் மட்டக்குதிரைகளுமாகச் சுமார் 6 லட்சத்து 25 ஆயிரம் இருந்தன. 2019-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அவை சுமார் 3 லட்சத்து 40 ஆயிரமாகக் குறைந்துவிட்டன. எஞ்சியிருப்பவற்றுள் பெரும்பாலானவை ஒரு குடும்பத்தின் பிழைப்பைத் தாங்கி நிற்பவை. அத்தகைய குதிரை ஒரே இரவில் வயிற்றுச் சூலையால் மடிந்துபோனால், அக்குடும்பத்தின் வருவாயும் அன்றோடு நின்றுவிடும். எனவே, சில முழம் கயிறும் முடிச்சும் சேர்ந்த இந்த வலை நாம் எண்ணுவதைவிடப் பெரிய பொருள்.

குதிரையின் வயிறு

பசுவையும் குதிரையையும் ஒரே புல்வெளியில் பார்க்கிறோம். ஆனால் இரண்டின் வயிறும் ஒன்றல்ல. பசு விரைவாக மேய்ந்து, பெரிய வயிற்றில் நிரப்பிக்கொண்டு, நிழலில் படுத்து அசை போடும். குதிரைக்கு அசை போடும் வசதி இல்லை. அதன் இரைப்பை மிகச் சிறியது. வளர்ந்த குதிரை ஒன்றின் இரைப்பை 8 முதல் 15 லிட்டர் வரையே கொள்ளும். புல்லின் நாரைச் செரிக்கும் பணி, பின்னால் உள்ள பெரிய குருட்டுக் குடலிலும் பெருங்குடலிலும் நுண்ணுயிர்களால் நடைபெறுகிறது. ஆகவே, சிறிது சிறிதாக, ஆனால் இடையறாமல் உண்பதே அதற்கு இயற்கை வகுத்த முறை. திறந்த வெளியில் விடப்பட்ட குதிரை ஒரு நாளில் 14 முதல் 18 மணி நேரம் வரை மேய்ந்துகொண்டே இருக்கும்.

இதனுடன் சேர்த்து அறிய வேண்டிய செய்தி இன்னொன்று உண்டு. உணவு கண்டபோது மட்டுமே நம் வாயில் உமிழ்நீர் பெருகுவதில்லை. எந்நேரமும் ஓரளவு சுரந்துகொண்டே இருக்கும். குதிரைக்கோ, மெல்லும்போதுதான் உமிழ்நீர் பெருகும். ஆனால் அதன் இரைப்பையில் அமிலம் இரவு பகல் ஓயாமல் சுரக்கிறது. மெல்லும் வரையில் உமிழ்நீர் அந்த அமிலத்தின் கடுமையைத் தணிக்கிறது. மெல்லுதல் நின்றால் அமிலம் மட்டும் எஞ்சும். இரைப்பையின் மேற்பகுதிக்கு அதைத் தாங்கும் பாதுகாப்பு இல்லை. நாளடைவில் அங்கே புண் உண்டாகிறது.

ஒரு கிலோ உலர்ந்த புல்லை உண்ணக் குதிரை 40 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை எடுத்துக்கொள்ளும். அதற்குள் மூவாயிரம் முறைக்கு மேல் மெல்லும். அதே ஒரு கிலோ ஓட்ஸை ஏறத்தாழப் பத்து நிமிடத்தில், ஆயிரம் முறைக்கு மேற்படாமல் மென்று முடித்துவிடும். இரண்டும் ஒரு கிலோதான். ஆனால் உமிழ்நீர்க் கணக்கில் எவ்வளவு வேறுபாடு!

வெறும் வயிற்றோடு நெடுநேரம் கட்டிக் கிடக்கும் குதிரை தரையைக் காலால் தோண்டும். தலையை இடமும் வலமும் ஆட்டும். மரச் சட்டத்தைப் பல்லால் கவ்விக்கொண்டு காற்றை விழுங்கும். இவற்றைச் சிலர் அதன் கெட்ட குணம் என்பர். 'குதிரைக்குக் குணமறிந்துதான் கொம்பு கொடுக்கவில்லை' என்று பழமொழியும் சொல்லிவிடுவர். பெரும்பாலும் இது குணக்கேடு அன்று. பசியும் சலிப்பும் சேர்ந்து உண்டாக்கிய வழக்கமே ஆகும். பின்பு திடீரென்று நிறையத் தீவனம் கிடைத்தால், அது அவசரமாக விழுங்கும். குதிரையால் வாந்தி எடுக்க இயலாது. உள்ளே போனது குடல்வழியேதான் போயாக வேண்டும். சூலை நோய்க்கு இப்படியும் வழி பிறக்கிறது.

குதிரைக்கு அதன் இயல்பறிந்து உணவிடத் தவறுவது புதிய செய்தியன்று. 13-ஆம் நூற்றாண்டில் பாரசீகத்திலிருந்தும் அரபு நாட்டிலிருந்தும் ஆயிரக்கணக்கான குதிரைகள் கடல்வழியே தமிழ்நாட்டுக் கரையில் வந்திறங்கின. அந்நூற்றாண்டின் இறுதியில் அங்கு வந்த மார்க்கோ போலோ, அக்குதிரைகளுக்கு இறைச்சி கலந்து வேகவைத்த சோறு ஊட்டப்பட்டதாக எழுதினார். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், பார்லியைப் பச்சையாகக் கொடாமல் வறுத்தும், தானியத்தை வெண்ணெய் சேர்த்தும், காய்ச்சிய பசும்பாலோடு கொடுத்ததாகக் குறித்தார். பிற நாட்டார் எழுதியவற்றை அப்படியே ஏற்க வேண்டும் என்பதில்லை. எனினும், வாங்கிய குதிரைகள் விரைவில் நலிந்து மடிந்தன என்பதில் இருவரும் ஒத்திருக்கின்றனர். அரசர்கள் பொருளையும் அன்பையும் குறைவின்றிச் செலவிட்டனர். அந்த அன்பு குதிரையின் வயிற்றுக்கு ஏற்ற வழியில் செல்லவில்லை.

வைக்கோல் வேறு, உலர்புல் வேறு

மொழிபெயர்ப்புப் பணியில் இருப்பவன் என்ற முறையில் இங்கே ஒரு சொல் விளக்கம் கூற விரும்புகிறேன். கதிரடித்துத் தானியத்தைப் பிரித்தபின் எஞ்சும் தாள் வைக்கோல். பசும்புல்லைப் பூக்கும் பருவத்தை ஒட்டி அறுத்து, சத்துக் கெடாமல் வெயிலில் உலர்த்திச் சேமிப்பது வேறொரு பொருள். ஆங்கில நூல்கள் இவற்றுக்கு இருவேறு சொற்களை வழங்குகின்றன. தமிழில் எழுதுவோர் சில சமயம் இரண்டையுமே வைக்கோல் என்று எழுதிவிடுகின்றனர். நெல்வயல் சூழ்ந்த நாட்டில் அது வியப்பன்று. ஆயினும், குதிரைத் தீவனத்தைப் பற்றிப் பேசும்போது வேற்றுமை காட்டியே ஆக வேண்டும். ஆகவே பின்னதை இங்கே 'உலர்புல்' என்று குறிப்பிடுகிறேன்.

வடநாட்டுக் கடைத்தெருவில் 'பூசா' என்பது பொடியாக்கிய கோதுமைத் தாள். 'சூகீ காஸ்' என்பதே உலர்புல். 'தானா' என்றால் தானியத் தீவனம். அதைக் குதிரையின் முகத்தில் மாட்டிக் கொடுக்கும் கொள்ளுப்பைக்கு அங்கே 'தோப்ரா' என்று பெயர். கொள்ளுப்பையும் புல்வலையும் ஒன்றல்ல. முன்னது தானியம் சிதறாமல் இருப்பதற்கு. பின்னது புல் நெடுநேரம் நீடிப்பதற்கு.

உலர்புல்லில் பல வகை உண்டு. வடக்கே 'தூப்' என வழங்குவது நம் வீட்டுப் பிள்ளையார் அறிந்த அறுகுதான். 'அஞ்சன்' என்பது நாம் கொழுக்கட்டைப்புல் என்று சொல்வது. 'ரிஜ்கா' என்பது நம் ஊர்க் குதிரை மசால். தமிழர் அதற்கு இட்ட பெயரிலேயே குதிரை இருக்கிறது. எனினும், அது சத்து மிகுந்தது. ஒரு பகுதியாகக் கொடுக்கலாமேயன்றி முழுத் தீவனமாகக் கொடுத்தல் நன்றன்று. 'ஜயீ' என்பது ஓட்ஸ் பயிர். அதைக் கதிர் முற்றுமுன் அறுத்து உலர்த்தியும் வைப்பார்கள். எந்தப் புல்லாயினும் பூசணம் பிடித்ததையும், புழுக்க வாடை வீசுவதையும் குதிரைக்கு இடலாகாது.

வலைக்கண்ணின் அளவு

புல்வலையின் பயனெல்லாம் அதன் கண்ணில் இருக்கிறது. கண் பெரிதானால் குதிரை வாய் நிறையப் புல்லை இழுத்துக்கொள்ளும். கண் சிறிதானால் உதட்டால் தேடி, முன்பற்களால் சில தாள்களை மட்டும் பற்றி இழுக்கும். புல்வெளியில் மேய்வதும் ஏறக்குறைய இப்படித்தானே? நல்ல வலை குதிரையைப் பட்டினி போடுவதில்லை. லாயத்துக்குள்ளேயே அதற்கு ஒரு சிறு மேய்ச்சலை உண்டாக்கித் தருகிறது.

இதைக் கணக்கிட்டுப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தார் எட்டுக் குதிரைகளைக் கொண்டு செய்த ஆராய்ச்சி 2014-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. உடல் எடையில் நூற்றில் ஒரு பங்கு உலர்புல்லை உண்பதற்கு ஆன நேரத்தை அவர்கள் அளந்தனர். தரையில் தளர்வாக இட்டபோது 3.1 மணி ஆயிற்று. ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் கண் உள்ள பெரிய வலையில் 3.4 மணி. ஏறத்தாழ 4.5 சென்டிமீட்டர் கண் உள்ள நடுத்தர வலையில் 5.1 மணி. ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் கண் உள்ள சிறிய வலையில் 6.5 மணி. பெரிய கண் உள்ள வலை புல் மிதிபடாமல் காப்பதற்கு உதவலாம். நேரத்தை நீட்டும் வேலையை அது அநேகமாகச் செய்வதில்லை என்பது இதனால் விளங்கும்.

இந்த எண்களை நம் லாயத்துக்குக் கொண்டு வருவோம். முதலில் குதிரையின் எடை தெரிய வேண்டும். எடைமேடை இல்லாவிடினும் தையற்காரரின் அளவு நாடா ஒன்று போதும். முன்னங்கால்களுக்குப் பின்னே மார்பின் சுற்றளவைச் சென்டிமீட்டரில் அளக்க வேண்டும். பின்பு, தோள் முனையிலிருந்து பிட்டத்தின் முனை வரை உடலின் நீளத்தை அளக்க வேண்டும். சுற்றளவைச் சுற்றளவாலேயே பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, வந்த தொகையை 11,880-ஆல் வகுத்தால் கிலோக் கணக்கில் எடை ஏறத்தாழ வரும். சுற்றளவு 160, நீளம் 140 உடைய மட்டக்குதிரையின் எடை இவ்வாறு 300 கிலோ ஆகிறது.

வளர்ந்த குதிரைக்கு ஒரு நாளில் உடல் எடையில் நூற்றில் ஒன்றரை முதல் இரண்டு பங்கு வரை உலர்புல் வேண்டும். 300 கிலோக் குதிரைக்கு இரண்டு பங்கு என்றால் 6 கிலோ. அதில் பாதியை இரவுக்கு வைப்போம். மாலை 7 மணிக்கு 3 கிலோவைத் தரையில் இட்டால், இரவு 10 மணி கடந்ததும் தீர்ந்துவிடும். காலை 6 மணி வரை எட்டு மணி நேரம் இரைப்பை வெறுமையாக இருக்கும். நடுத்தர வலையில் இட்டால் நள்ளிரவு வரை வரும். சிறிய வலையில் இட்டால் ஒன்றரை மணி வரை வரும். புல் இல்லாத இடைவெளி ஆறு மணி நேரத்தைக் கடக்கும்போது இரைப்பைப் புண் உண்டாகும் அபாயம் கூடுகிறது. எனவே எட்டு மணியை நாலரை மணியாகக் குறைப்பது சிறிய காரியமன்று. லாயக்காரர் உறங்கப் போகுமுன் இரண்டாவது வலை ஒன்றைக் கட்டினால் இடைவெளி இன்னும் குறையும். இதற்குக் கூடுதல் செலவு எதுவும் இல்லை. அதே 6 கிலோதான். பங்கிடும் முறையே மாறுகிறது.

இவை ஓர் ஆராய்ச்சியின் எண்கள். உங்கள் குதிரை இவற்றினும் விரைவாகவும் உண்ணலாம், மெதுவாகவும் உண்ணலாம். முதல் இரண்டு மூன்று நாள்கள் புல்லைத் தராசில் நிறுத்து வலையில் இட்டு, தீரும் நேரத்தைக் குறித்துக்கொண்டால் உண்மை தெரிந்துவிடும்.

கடையில் வலையை வாங்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சிலர் ஒரு முடிச்சிலிருந்து அடுத்த முடிச்சு வரை உள்ள நூலின் நீளத்தைக் கண்ணின் அளவு என்பர். சிலர் கண்ணை இழுத்து நீட்டி, மூலைக்கு மூலை அளந்து சொல்வர். இரண்டாவது முறையில் எண் ஏறக்குறைய இரு மடங்காக வரும். ஆகையால் சொல்லும் அளவை நம்பாமல், அளவுகோலால் நாமே முடிச்சுக்கு முடிச்சு அளந்து பார்த்தல் நலம்.

எந்தக் குதிரைக்கு எந்த வலை

வலையைத் தேர்வதில் புல்லின் தன்மை முதலாவது. அறுகு போன்ற மெல்லிய புல் பெரிய கண்ணில் நழுவிக் கொட்டிவிடும். அதற்கு 3 சென்டிமீட்டர் கண் பொருந்தும். ஓட்ஸ் போன்ற தடித்த தாளை அந்தக் கண்ணின் வழியே இழுப்பது கடினம். அதற்கு 4.5 சென்டிமீட்டர் கண்ணே தகும்.

அடுத்தது குதிரையின் நிலை. அதிக வேலையின்றிக் கொழுத்த குதிரைக்குச் சிறிய கண் நல்லது. அளவுக்கு மீறிய கொழுப்பு, குளம்பின் உட்பகுதி வீங்கி நடக்கவொட்டாமல் செய்யும் கொடிய நோய்க்கு இடமளிக்கும். எனினும், வலை தானாக உணவின் அளவைக் குறைத்துவிடும் என்று நம்பலாகாது. நாள் முழுதும் வலை நிறைந்தே இருந்தால், பழகிய குதிரை வேண்டிய அளவைத் தின்றே தீரும். அளவைக் குறைப்பது தராசின் வேலை. நேரத்தை நீட்டுவதே வலையின் வேலை.

பல் தேய்ந்த முதிய குதிரைக்கும், பல் விழும் பருவத்துக் குட்டிக்கும், வாயில் நோயுள்ள குதிரைக்கும் சிறிய கண் ஆகாது. மென்ற புல்லைச் சக்கையாகத் திரட்டிக் கீழே துப்பும் குதிரையைக் கண்டால், வலையை மாற்றுவதற்கு முன் கால்நடை மருத்துவரைக் கொண்டு பல்லைப் பார்க்க வேண்டும். மெலிந்த குதிரைக்கும் தடை எதற்கு? அதற்குத் தளர்வாகவே இட வேண்டும்.

மட்டக்குதிரைகளைப் பற்றித் தனியாக ஓர் எச்சரிக்கை. அவற்றின் குளம்பு சிறியது. 10 அல்லது 15 சென்டிமீட்டர் கண்ணுக்குள் அது எளிதில் நுழைந்துவிடும். காலைச் சிக்க வைத்துக்கொண்ட குதிரை பதறி இழுத்து எலும்பை முறித்துக்கொள்ளக்கூடும். பழைய கைப்பந்து வலையை மடித்துத் தைத்துப் பயன்படுத்துவோர் அறிந்துகொள்க. அதன் கண் 10 சென்டிமீட்டர். நேரத்தை அது நீட்டாது. அபாயத்தை மட்டும் சேர்க்கும். மீன் பிடிக்கும் மெல்லிய நைலான் வலையோ ஈறையும் உதட்டையும் அறுத்துவிடும். அதைத் தொடவே வேண்டாம்.

கயிற்றின் வகையும் கருதத்தக்கது. சணற்கயிறு மலிவு, ஆனால் குதிரை விரைவில் கடித்துவிடும். பருத்திக் கயிறு வாய்க்கு இதமானது; நனைத்த புல்லை இட்டு வந்தால் சீக்கிரம் மக்கும். நைலான் போன்ற செயற்கைக் கயிறு நெடுநாள் உழைக்கும். முடிச்சில்லாமல் பின்னப்பட்டதாயின் உதடு உராயாது. இரும்புக் கம்பி வலையைப் பெட்டியின் மேல் பொருத்தும் பழக்கமும் உண்டு. பல் அதில் மோதித் தேயும் ஆதலால் கயிற்று வலையே சிறந்தது.

கட்டும் முறை

நிறைந்த வலை உயரமாகத் தெரியும். தீர்ந்தபின் அது தளர்ந்து கீழே தொங்கும். காலால் தோண்டும் குதிரைக்கு அப்போதுதான் ஆபத்து. எனவே, வெறும் வலை தொங்கும்போதும் கால் எட்டாத உயரத்தில் கட்ட வேண்டும். குதிரையின் கண் மட்டம் நல்ல அடையாளம். அதற்கும் மேலே கட்டினால் தூசியும் துகளும் கண்ணிலும் மூக்கிலும் விழும், கழுத்தும் நோகும். சுவரில் உள்ள வளையத்தில் வலையின் கயிற்றைக் கோத்து மேலே இழுத்து, அடிப்பக்கத்துக் கண் ஒன்றில் நுழைத்து, மீண்டும் மேலே தூக்கி முடிச்சிட்டால், புல் குறையக் குறைய வலை அவ்வளவாகத் தாழாது. முடிச்சு ஒரே இழுப்பில் அவிழும் சுருக்கு முடிச்சாக இருக்கட்டும்.

செயற்கைக் கயிறு அறாது என்பது அதன் பெருமை. குதிரை சிக்கிக்கொண்ட வேளையில் அதுவே அதன் குறை. ஆகவே சுவர் வளையத்தில் முதலில் மெல்லிய சணல் நூலால் ஒரு சிறு வளையம் கட்டி, அதில் வலையைக் கட்ட வேண்டும். குதிரை பதறி இழுத்தால் நூல் அறும், கால் பிழைக்கும். இரவில் தலைவாரைக் கழற்றிவிடுவது நல்லது. அதன் கொக்கி வலைக்கண்ணில் மாட்டிக்கொள்ளலாம்.

தரையை நோக்கித் தலை தாழ்த்தி உண்பதே குதிரைக்கு இயல்பான நிலை. ஆதலால், வலையைத் தரையிலேயே வைக்கலாமே என்று கேட்கலாம். லாடம் அடிக்காத குதிரையாயின், சிறு கண் வலையை அப்படி வைப்பதுண்டு. லாடம் அடித்த குதிரைக்கு வைக்கலாகாது. லாடத்தின் பின்முனை வலைக்கண்ணில் கோத்துக்கொள்ளும். விளிம்பு உயர்ந்த ரப்பர்த் தொட்டியிலோ மரப்பெட்டியிலோ புல்லை இட்டு, அதன் வாயை வலையால் இறுக மூடி வைத்தால் இரண்டு நன்மையும் கிடைக்கும்.

புல் தூசியாக இருந்தால் கொடுப்பதற்கு முன் நீரில் நனைத்தல் நன்று. வெப்பநாளில் நனைத்த புல்லை நெடுநேரம் விட்டுவைத்தால் புளித்துப்போகும். தின்று முடிக்கும் அளவே நனைக்க வேண்டும். நாள்தோறும் வலையைக் கையால் தடவிப் பார்ப்பது அவசியம். ஒரு கண் அறுந்தால் இரண்டு கண்ணளவு வழி உண்டாகிறது. குதிரை அந்த ஓட்டையையே தேடித் தின்னப் பழகிவிடும். அன்றே முடிந்துவிட வேண்டும். ஒரே கொட்டிலில் இரண்டு குதிரைகள் இருந்தால் மூன்று வலைகளைத் தள்ளித் தள்ளிக் கட்ட வேண்டும். வலுத்தது ஒன்றைக் காவல் காத்து நின்றாலும் மற்றதற்கு உணவு கிடைக்கும்.

பழக்குதலும், விலக்குதலும்

சிறிய கண் வலையை முதல் நாளே திடீரென்று மாட்டினால் சில குதிரைகள் சினம் கொள்ளும். வலையைக் கடித்து இழுக்கும்; காலால் அடிக்கும்; சில சமயம் மனம் வெறுத்து உண்ணாமலே நிற்கும். முதற் சில நாள்கள் பாதிப் புல்லைத் தளர்வாகவும், பாதியை நடுத்தர வலையிலும் வைக்க வேண்டும். முதற் பசி தளர்புல்லில் ஆறிய பின்பு குதிரை வலையிடம் பொறுமையாக வரும். பின்னர், சிறிது சிறிதாகத் தளர்புல்லைக் குறைக்கலாம். இரண்டு வாரம் கடந்தும் சினம் தணியாவிட்டால், அந்தக் குதிரைக்கு அந்தக் கண் பொருந்தவில்லை என்று பொருள். நடுத்தர வலையோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

வலையை முற்றிலும் விலக்க வேண்டிய வேளையும் உண்டு. பாரம் இழுக்கும் குதிரைக்கும் மலையேறும் மட்டக்குதிரைக்கும் நண்பகலில் கிடைக்கும் ஓய்வு ஒரு மணி நேரமோ அதற்குச் சற்று மேலோதான். அந்தச் சிறு பொழுதில் அதன் வாய்க்கும் புல்லுக்கும் இடையே வலையைக் கட்டுவது கொடுமை. அப்போது தண்ணீர் காட்டி, புல்லைத் தளர்வாக இட வேண்டும். வலை ஓய்வு நேரத்துக்கு உரியது. உழைப்பின் இடைவேளைக்கு உரியதன்று.

பூசா மட்டுமே கிடைக்கும் வீட்டில் என்ன செய்வது? பொடித்த தாள் எந்த வலையிலும் நில்லாது. நாளைக்குக் கொடுப்பதை நான்கு ஐந்து பங்காக்கி, கடைசிப் பங்கை உறங்கும் நேரத்தில் இட வேண்டும். நீர் குறைந்தால் உலர்ந்த பூசா குடலில் இறுகிச் சூலையை உண்டாக்கும். ஆதலால் இரவிலும் தண்ணீர் எட்டும்படி இருத்தல் வேண்டும். இயன்ற மட்டும் இரவுக்கு மட்டுமாவது கொஞ்சம் நீளமான உலர்புல்லைச் சேர்த்துக் கொடுப்பது நலம். தானியத்தை அவசரமாக விழுங்கும் குதிரைக்குப் பழைய உபாயம் ஒன்று இருக்கிறது. வாயில் கொள்ளாத அளவுள்ள வழுவழுப்பான கூழாங்கற்கள் சிலவற்றைத் தீவனத் தொட்டியில் போட்டுவைத்தால், அவற்றைத் தள்ளித் தள்ளி மெதுவாக உண்ணும்.

குதிரை அடிக்கடி தன் விலாவைத் திரும்பிப் பார்ப்பதும், தரையைத் தோண்டுவதும், படுத்துப் புரள்வதும், காரணமின்றி வேர்ப்பதும், சாணம் போடாமல் இருப்பதும் சூலையின் அடையாளங்கள். அப்போது வலையைப் பற்றிய ஆராய்ச்சிக்கு நேரமில்லை. தீவனத்தை அகற்றிவிட்டு உடனே கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். ஹரியாணா மாநிலத்து ஹிசார் நகரில் 1985-ஆம் ஆண்டில் குதிரையினங்களுக்கென்று தேசிய ஆராய்ச்சி மையம் நிறுவப்பட்டது. குதிரை நோய்கள் பற்றிய அறிவு நம் நாட்டிலேயே வளர்ந்திருக்கிறது. அவ்வறிவு லாயம் வரை செல்ல வேண்டும் என்பதுதான் இனி வேண்டுவது.

வலை சரியானதா என்பதை அறிய ஒரு சோதனை உண்டு. அதற்குக் கருவி எதுவும் வேண்டா. விடியற்காலையில் லாயத்துக்குச் சென்று வலையைப் பார்க்க வேண்டும். அதன் அடியில் ஒரு பிடிப் புல் எஞ்சியிருந்து, குதிரையும் அமைதியாக நின்றால் கண்ணும் அளவும் பொருந்திவிட்டன. வலை வெறுமையாகக் கிடந்து, தரையில் குளம்பு தோண்டிய பள்ளமும் இருந்தால், இரவில் நெடுநேரம் அது பசித்திருந்தது என்று அறியலாம். அன்று மாலை புல்லையோ வலைகளையோ ஒன்று கூட்ட வேண்டும். புல் பாதிக்கு மேல் அப்படியே இருந்தால் கண் மிகச் சிறிது, அல்லது வாயில் ஏதோ நோவு இருக்கிறது. குதிரை வாய்விட்டுச் சொல்ல இயலாததை இந்த வலை நாள்தோறும் காலையில் எழுதி வைக்கிறது. அதைப் படிக்க வேண்டியவர் அதனை வளர்ப்பவரே.